பொக்லைன் டிஸ்ப்ளேயில் ‘கம்யூனிகேஷன் எரர்’: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பொக்லைன், லோடர், கிரேடர் எதுவானாலும் இன்ஜின், ஹைட்ராலிக் பம்ப், டிஸ்ப்ளே ஆகியவற்றின் கன்ட்ரோலர்கள் ‘கேன்’ எனப்படும் இரண்டு வயர் லைன் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. அந்தப் பேச்சு அறுந்தால் எங்கே தேடுவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

20 டன் பொக்லைன், கல்குவாரியில் ஓடுகிறது. திடீரென்று டிஸ்ப்ளேயில் ‘இன்ஜின் கன்ட்ரோலருடன் தொடர்பு இல்லை’ என்று வருகிறது. ஆர்.பி.எம்., டெம்பரேச்சர் எதுவும் காட்டவில்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலிலேயே நிற்கிறது. ஈ.சி.எம். (இன்ஜின் கன்ட்ரோலர்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன்னால் நாங்களே எதையாவது பார்க்க முடியுமா?
— பொக்லைன் உரிமையாளர், நாமக்கல்

முடியும். பார்த்தே ஆக வேண்டும். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது: இன்ஜின் ஓடுகிறது என்கிறீர்கள். காமன் ரெயில் இன்ஜினில் இன்ஜெக்டரைத் திறந்து மூடுவதே ஈ.சி.எம்.தான். அப்படியானால் அதற்குக் கரண்ட் வருகிறது, எர்த் கிடைக்கிறது, உள்ளே வேலையும் நடக்கிறது. அது சொல்வது மற்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். த்ராட்டில் டயலின் கட்டளை கேன் வழியாக வரும் வண்டிகளில், லைன் அறுந்தால் இன்ஜின் ஐடிலிலேயே நின்றுவிடுவதும் இதனால்தான். ஈ.சி.எம்.முக்கு ஆர்டர் போடுவதை நிறுத்தி வையுங்கள். நல்ல டிஜிட்டல் மீட்டர் ஒன்றும் அந்த மாடலின் வயரிங் படமும் கையில் இருந்தால் போதும்.

கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னாலோ ஃப்யூஸ் பாக்ஸ் அருகிலோ உருண்டையான 9 பின் டயக்னாஸ்டிக் கப்ளர் இருக்கும். கனரக வண்டிகளின் கேன் லைனுக்கான ஜே1939 முறைப்படி அதில் ‘ஏ’ எர்த், ‘பி’ பேட்டரி பாசிட்டிவ், ‘சி’ கேன் ஹை, ‘டி’ கேன் லோ, ‘இ’ ஷீல்டு (வயரைச் சுற்றி இரைச்சலைத் தடுக்கும் உறை). பெரும்பாலும் ஹை வயர் மஞ்சள், லோ வயர் பச்சை. சில கம்பெனிகள் வேறு கப்ளர், வேறு நிறம் வைக்கின்றன. வயரிங் படம் சொல்வதையே நம்புங்கள். ஒரே வண்டியில் இரண்டு, மூன்று கேன் லைன் இருப்பதும் சாதாரணம். இன்ஜின் எந்த லைனில் இருக்கிறதோ அந்த லைனைத்தான் அளக்க வேண்டும்.

முதல் அளவு ரெசிஸ்டன்ஸ். சாவியை எடுத்து, மாஸ்டர் கட்-ஆஃப் சுவிட்சை ஆஃப் செய்து, ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டு ‘சி’க்கும் ‘டி’க்கும் இடையே ஓம் பாருங்கள். கேன் லைனின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனை ரெசிஸ்டர்) ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் பேரலலாகச் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். கன்ட்ரோலர்களின் உள் ரெசிஸ்டன்ஸால் 57, 58 என்று வந்தாலும் கவலையில்லை. 120 வந்தால் ஒரு முனையின் டெர்மினேட்டர் கழன்றிருக்கிறது, அல்லது மெயின் லைன் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. உங்கள் வண்டியின் அறிகுறிக்கு இதைத்தான் முதலில் எதிர்பார்க்கலாம். சில மாடல்களில் ஒரு டெர்மினேட்டர் ஈ.சி.எம்.முக்குள்ளேயே இருக்கும், அதன் கப்ளர் லூசானாலே 120 ஆகிவிடும். 40 ஓம் வந்தால் யாரோ மூன்றாவது டெர்மினேட்டரைச் சேர்த்திருக்கிறார்கள். 0 அல்லது 1 ஓம் என்றால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆயிரக்கணக்கில் வந்தால் இரண்டு டெர்மினேட்டருமே உங்கள் மீட்டருக்கு எட்டவில்லை. டயக்னாஸ்டிக் கப்ளருக்கு வரும் கிளை வயர் அறுந்திருந்தாலும் இப்படிக் காட்டும்.

அப்படியே ‘சி’யையும் ‘டி’யையும் தனித்தனியாக ‘ஏ’வோடும், ‘பி’யோடும் வைத்துப் பாருங்கள். கிலோ ஓம் கணக்கில் வர வேண்டும். சில நூறு ஓமுக்குக் கீழே இறங்கினால் வயர் எர்த்திலோ சப்ளையிலோ உரசுகிறது, அல்லது ஏதோ ஒரு கன்ட்ரோலரின் உள்பகுதி எரிந்து லைனை இழுக்கிறது.

இரண்டாவது அளவு வோல்டேஜ். மாஸ்டர் சுவிட்சைப் போட்டு, சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ‘சி’யிலிருந்து ‘ஏ’வுக்கும், ‘டி’யிலிருந்து ‘ஏ’வுக்கும் டி.சி. வோல்ட் பாருங்கள். பேச்சு நடக்கும்போது ஹை வயர் 2.5-க்குச் சற்று மேலே, லோ வயர் சற்றுக் கீழே நிற்கும்: 2.7, 2.3 என்பதுபோல. இரண்டையும் கூட்டினால் 5-க்கு அருகில் வர வேண்டும். இரண்டும் அசையாமல் 2.5-இல் நின்றால் லைன் நன்றாக இருக்கலாம், ஆனால் யாரும் பேசவில்லை. கன்ட்ரோலர்களுக்குப் போகும் ஃப்யூஸ், ரிலேவைப் பாருங்கள். 5 வோல்ட்டைத் தாண்டினால் 24 வோல்ட் வயர் ஒன்று தொடுகிறது. ஹை வயர் எர்த்தில் உரசினால் பேச்சு முழுவதும் நிற்கும். லோ வயர் எர்த்தில் உரசினால் பல வண்டிகள் ஓடிக்கொண்டேயிருக்கும், அவ்வப்போது மட்டும் கோட் வரும். அதனால் ‘வண்டிதான் ஓடுகிறதே’ என்று லோ வயரை விட்டுவிடாதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை: டயக்னாஸ்டிக் கப்ளரில் 60 ஓம் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. மெயின் லைனிலிருந்து ஈ.சி.எம்.முக்குப் பிரியும் கிளை வயர் அறுந்திருந்தால், டெர்மினேட்டர் இரண்டும் மெயின் லைனில் இருப்பதால் 60 மாறாது. எனவே ஈ.சி.எம்.மின் கப்ளரைக் கழற்றி, வயரிங் பக்கத்துக் கேன் பின்களில் மறுபடியும் அளங்கள். டெர்மினேட்டர் வெளியே இருக்கும் வண்டியில் அங்கும் 60 வர வேண்டும், ஈ.சி.எம்.முக்குள்ளே இருக்கும் வண்டியில், அதைக் கழற்றியிருப்பதால், 120 வந்தால்தான் சரி. இந்த அளவும் சரி, வோல்டேஜும் சரி, கப்ளர் பின்னும் சுத்தம், அப்படியும் ஈ.சி.எம். மட்டும் பேசவில்லை என்றால்தான் அதன் மேல் சந்தேகப்பட வேண்டும்.

சாவி ஆனில் இருக்கும்போதே ஓம் பார்த்தால் என்ன ஆகும்?
— ஐ.டி.ஐ. மாணவர், திருச்சி

மீட்டர் ஓம் அளக்கத் தானே ஒரு சிறிய கரண்ட்டை அனுப்புகிறது. லைனில் ஏற்கெனவே வோல்டேஜ் இருந்தால் கணக்கு குழம்பி மைனஸ், 300, 15 என்று வாய்க்கு வந்த எண் வரும். அதை வைத்துக்கொண்டு நல்ல வயரிங்கை வெட்டியவர்கள் இருக்கிறார்கள். மாஸ்டர் சுவிட்சை ஆஃப் செய்யாமல் ஓம் பார்க்கவே கூடாது. சாவி ஆஃபில் இருந்தாலும் விழித்திருக்கும் கன்ட்ரோலர்கள் உண்டு, ஜி.பி.எஸ். பாக்ஸைப் போல.

கோட் படிக்கும் கருவியில் எஸ்.பி.என். 639 என்று வருகிறது. சில நாள் எஃப்.எம்.ஐ. 9, சில நாள் 19. ஒரே நேரத்தில் ஏழெட்டு கோட் வேறு. எதை முதலில் பார்ப்பது?
— மெக்கானிக், ஓசூர்

எஸ்.பி.என். கோளாறு எதில் என்று சொல்லும் எண், எஃப்.எம்.ஐ. அது எந்த வகைக் கோளாறு என்று சொல்லும் எண். 639 என்பது ஜே1939 லைனையே குறிக்கும் எண். அதற்குப் பின்னால் வரும் எஃப்.எம்.ஐ.தான் கதையைச் சொல்கிறது. 9 என்றால், வர வேண்டிய தகவல் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. இன்ஜின் வேகம் போன்ற தகவல் சில பத்து மில்லி செகண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கன்ட்ரோலர் 9 போடும். வயர், கப்ளர், சப்ளை, எர்த் பக்கம் போங்கள்.

19 வேறு ஜாதி. தகவல் நேரத்துக்கு வந்து சேர்ந்தது, ஆனால் அனுப்பியவரே ‘இந்த மதிப்பு தவறு’ என்று குறியிட்டு அனுப்பியிருக்கிறார். அப்படியானால் லைன் நன்றாக இருக்கிறது. அனுப்பிய கன்ட்ரோலரின் சொந்தக் கோட்களைப் பாருங்கள். அதோடு சேர்ந்த சென்சார் ஏதோ கெட்டிருக்கும். 19-ஐப் பார்த்துவிட்டு கேன் வயரைத் துருவிக்கொண்டிருப்பது வீண் வேலை. 2 வந்தால் தகவல் முன்னுக்குப் பின் முரணாக, நம்ப முடியாததாக வருகிறது. விட்டு விட்டுத் தொடும் கப்ளர், ஷார்ட் ஆகும் வயர், எர்த் கோளாறு எல்லாம் இதில் வரும்.

ஏழெட்டு கோட் வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி போட்டு, யார் புகார் சொல்கிறார்கள், யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். கருவி காட்டும் சோர்ஸ் அட்ரஸ் இதற்கு உதவும்: 0 இன்ஜின், 3 டிரான்ஸ்மிஷன், 249 உங்கள் கையில் இருக்கும் கருவியே. மற்ற எல்லாரும் ஒரே கன்ட்ரோலரைக் காணவில்லை என்றால் அந்த ஒன்றின் சப்ளை, எர்த், கிளை வயர். ஆளுக்கு ஆள் மற்ற எல்லாரையும் காணவில்லை என்றால் மெயின் லைன். இரண்டு கூட்டமாகப் பிரிந்து, ஒரு கூட்டம் மறு கூட்டத்தைக் காணவில்லை என்றால் அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருக்கும் கப்ளர். இந்த ஒரு காகிதம் வண்டியைப் பாதி அவிழ்க்கும் வேலையை மிச்சப்படுத்தும்.

காலையில் நன்றாக ஓடுகிறது. மதியம் பாறை உடைக்கும்போது எரர். சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால் போய்விடுகிறது. மெக்கானிக் வரும் நேரத்தில் வருவதே இல்லை.
— ஆப்பரேட்டர், சங்ககிரி

பிரேக்கர் மாட்டிய வண்டிகளில் இது அதிகம். அதிர்ச்சியில் கப்ளருக்குள் பின்னும் சாக்கெட்டும் மயிரிழை அளவு உரசிக்கொண்டே இருக்கும். முலாம் தேய்ந்து, கறுப்பான ஆக்சைடு தூள் சேர்ந்து, தொடர்பு நொடிப்பொழுது விட்டுப் போகும். சூடு ஏறினால் இன்னும் கூடும்.

சாவியைத் திருப்பினால் சரியாவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கன்ட்ரோலரும் தன் அனுப்பும் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தோல்விக்கும் கணக்கில் 8 ஏறும், வெற்றிக்கு 1 இறங்கும். 256 ஆனதும் லைனைக் கெடுக்காமல் இருக்க அது தானே விலகிக்கொள்ளும். அதாவது, கணக்கு சுத்தமாக இருந்தாலும் தொடர்ந்து 32 தோல்வி போதும். கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். சாவியை ஆஃப் செய்தால் கணக்கு பூஜ்யமாகி மறுபடி பேசத் தொடங்குகிறது. கோளாறு போகவில்லை.

பிடிப்பது எப்படி? மாஸ்டரை ஆஃப் செய்து, ‘சி’, ‘டி’யில் மீட்டரை ஓமில் மாட்டி, மின்-மேக்ஸ் (மிகக் குறைந்த, மிக அதிக அளவு) பதிவைப் போட்டுவிடுங்கள். ஒருவர் மீட்டரைக் கவனிக்க, இன்னொருவர் வயரிங்கைக் கப்ளர் கப்ளராக அசைத்து, இழுத்து, வளைத்துப் பார்க்க வேண்டும். 60 எந்த இடத்தில் துள்ளுகிறதோ அங்கே கோளாறு. சூட்டில் மட்டும் வருவதென்றால் வண்டி சூடாக இருக்கும்போதே செய்யுங்கள். கேபினுக்கு அடியில் வயரிங் நுழையும் ரப்பர் வளையம், இன்ஜினின் ஃப்ளைவீல் ஹவுசிங் மேல் கிளாம்ப் விட்டுப் போன இடம், பேட்டரிப் பெட்டி அருகே, ஹைட்ராலிக் ஹோஸோடு சேர்த்து வயரிங்கைக் கட்டிய இடம்: முதலில் இந்த நான்கையும் பாருங்கள். எலி கடித்த வயரிங்கும் நம் ஊரில் குறைவில்லை. மழைக்காலத்தில் நின்ற வண்டி என்றால் சீட்டுக்கு அடியில் பாருங்கள்.

சங்கிலி பொக்லைனில் கன்ட்ரோலர்கள் எல்லாம் மேல்பகுதியில்தான் இருக்கும். ‘ஸ்விங் செய்யும்போது வருகிறது’ என்பதற்காக மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே சுழலும் இணைப்பான நடு சுவிவலைக் கழற்ற வேண்டாம். அதில் எண்ணெய் மட்டும்தான் போகிறது. டயர் பொக்லைனில் கீழே மின் இணைப்பு போகும் ஸ்லிப் ரிங் இருக்கும், அங்கே சந்தேகப்படலாம்.

கப்ளரைச் சோதிக்கும்போது மீட்டரின் தடித்த முனையைச் சாக்கெட்டுக்குள் குத்தாதீர்கள். சாக்கெட் விரிந்தால் இல்லாத கோளாறு புதிதாகப் பிறக்கும். அதே அளவு பின் ஒன்றில் வயர் சேர்த்து வைத்துக்கொண்டு அதைச் சொருகி அளங்கள். வயரின் இன்சுலேஷனை ஊசியால் குத்துவதும் வேண்டாம். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி, சில மாதங்களில் செம்பு பச்சைப் பொடியாகிவிடும்.

ஈ.சி.எம். பின்னில் 24 வோல்ட் சரியாக வருகிறது. ஆனால் ஸ்டார்ட் செய்யும்போது தொடர்பு அறுகிறது.
— எலக்ட்ரீஷியன், கோயம்புத்தூர்

லோடு இல்லாமல் அளந்த 24 வோல்ட்டை நம்பக் கூடாது. வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 24 காட்டும். ஈ.சி.எம். கப்ளரைக் கழற்றி, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையில் 24 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டுங்கள். கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் இழுக்கும். பல்பு எரியும்போது வோல்டேஜ் பேட்டரி வோல்டேஜுக்கு அருகிலேயே நிற்க வேண்டும். மங்கலாக எரிந்தால் கோளாறு அங்கேதான்.

அடுத்து எர்த். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை ஈ.சி.எம். எர்த் பின்னில். 0.1 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட் வந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி இறுக்குங்கள். பேட்டரி நின்ற நிலையில் 25 வோல்ட்டைத் தாண்டி இருக்கிறதா, செல்ஃப் அடிக்கும்போது 18-க்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். இரண்டு பேட்டரியில் ஒன்று மட்டும் பலவீனமாக இருப்பது அடிக்கடி நடக்கும்; தனித்தனியாக அளக்க வேண்டும்.

ஓடும்போது மட்டும் எரர் வந்தால் விளக்குகளையும் ஏ.சி.யையும் போட்டுவிட்டு, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஏ.சி. வந்தால் ஆல்டர்னேட்டர் டயோடு போயிருக்கிறது. அந்த அலை கன்ட்ரோலர்கள் வரைக்கும் போகும்.

வண்டிக்கு ஜி.பி.எஸ். மாட்டிய பிறகுதான் பிரச்சினை. பிடுங்கினால் சரியாகிறது. அதே போல, ஏடிப்ளூ (புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல்) வைத்த எங்கள் புது லோடரில் மொத்த லைனும் அடிக்கடி செத்துப் போகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
— வாடகை வண்டி உரிமையாளர், கரூர்

வேறு வேறு காரணம், ஒரே வகைக் கோளாறு: லைனில் தொங்கும் ஒரு சாதனம் எல்லாரையும் கெடுக்கிறது.

ஜி.பி.எஸ். பாக்ஸ் சிலவற்றில் உள்ளேயே 120 ஓம் இருக்கும். மாட்டியதும் லைன் 40 ஓம் ஆகிவிடும். அந்த ரெசிஸ்டரை நீக்கும் ஜம்பர் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். கிளை வயரின் நீளத்தையும் பாருங்கள். 250 கிலோபிட் வேகத்தில் ஓடும் ஷீல்டு போட்ட ஜே1939 லைனில் மெயின் லைன் 40 மீட்டர், கிளை 1 மீட்டர் என்பது வரம்பு. சீட்டுக்கு அடியிலிருந்து கூரை வரை மூன்று மீட்டர் வயரை முறுக்காமல் இழுத்து மாட்டினால், சிக்னல் அதன் முனையில் மோதித் திரும்பும். பாக்ஸின் வேகம் தவறாக அமைந்திருந்தால் இன்னும் மோசம்: 250-இல் ஓடும் லைனில் 500 வேகத்துச் சாதனம் ஒன்று பேச முயன்றால் எல்லாருக்கும் பிழைதான்.

லோடருக்கு வருவோம். இந்தியாவில் டயர் வைத்த கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரலில் சி.இ.வி. நான்காம் கட்டப் புகை விதி வந்த பிறகு, ஏடிப்ளூ முறையில் ஓடும் வண்டிகள் கூடிவிட்டன. அதில் புகைக்குழாயில் இருக்கும் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சார் வெறும் சென்சார் அல்ல. வயரோடு சேர்ந்து ஒரு சிறிய பெட்டி இருக்குமே, அதுவும் ஒரு கேன் கன்ட்ரோலர்தான். சூடும் அதிர்ச்சியும் மிகுந்த இடத்தில் அது இருக்கிறது. உள்ளே தண்ணீர் புகுந்தாலோ எரிந்தாலோ லைனை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சோதனை எளிது: மாஸ்டரை ஆஃப் செய்து ஓம் மீட்டரை மாட்டிவிட்டு, நாக்ஸ் சென்சார், ஏடிப்ளூ டேங்க் சென்சார், டோசிங் பம்ப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் அளவு 60-க்குத் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. ஓம் சரியாக இருந்து கரண்ட் வந்த பிறகு மட்டும் கெடுக்கிறது என்றால், சாவி ஆனில் ஹை, லோ வோல்டேஜைப் பார்த்துக்கொண்டு அதே சோதனையைச் செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மாட்டும்போதும் சாவியை ஆஃப் செய்துவிட வேண்டும்.

அறுந்த கேன் வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?
— மெக்கானிக், தர்மபுரி

போதாது. ஹை, லோ இரண்டும் ஒன்றையொன்று சுற்றி, அங்குலத்துக்கு ஒரு முறுக்கு வீதம் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஆல்டர்னேட்டரும் சோலனாய்டும் கிளப்பும் இரைச்சல் இரண்டு வயரிலும் சம அளவில் ஏறும். கன்ட்ரோலர் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். சமமாக ஏறியது அதில் அடிபட்டுப் போகும். முறுக்கை நீளமாக அவிழ்த்தால் அந்தக் காப்பு போய்விடும்.

0.8 சதுர மி.மீ. தடிமனுள்ள முறுக்கு வயரையே வாங்குங்கள். இரண்டு வயரின் ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல் சில சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வரட்டும். கிரிம்ப் ஸ்லீவ் போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடி, மறுபடி முறுக்கி, அவிழ்ந்த பகுதி 5 செ.மீ.க்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷீல்டு இருந்தால் அதையும் தொடர்ந்து இணைக்க வேண்டும். ஆனால் புதிதாக இன்னொரு இடத்தில் எர்த் செய்யக் கூடாது. ஷீல்டுக்கு எர்த் ஒரே ஒரு இடத்தில்தான். கப்ளரில் காலியாக இருக்கும் ஓட்டைகளுக்கு அடைப்பான் போடாமல் விட்டால் வாட்டர் சர்வீஸ் தண்ணீர் அதன் வழியாகவே உள்ளே போகும். ஹை, லோ மாற்றி இணைத்தாலும் ஓம் மீட்டர் 60-தான் காட்டும் என்பதால், ஜாயின்ட்டை மூடும் முன் நிறத்தையும் பின் எண்ணையும் ஒருமுறை கன்டினியூட்டியில் சரிபாருங்கள்.

பக்கெட் வெல்டிங் செய்த மறுநாள் இரண்டு கன்ட்ரோலர் போய்விட்டது. பேட்டரியைக் கழற்றித்தானே செய்தோம்?
— பட்டறை உரிமையாளர், சேலம்

வெல்டிங் எர்த் கிளாம்ப்பை எங்கே மாட்டினீர்கள் என்பதுதான் கேள்வி. பக்கெட்டில் வெல்ட் செய்துகொண்டு சேசிஸில் கிளாம்ப் மாட்டினால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பின், புஷ், பூம், ஸ்விங் பேரிங் வழியாகத் திரும்புகிறது. கிரீஸ் படிந்த இணைப்புகள் நல்ல வழி தருவதில்லை; அப்போது ஒரு பகுதி வயரிங்கின் எர்த் வழியாகவும் கன்ட்ரோலர்கள் வழியாகவும் பாயும். பேட்டரி கழன்றிருப்பது அதைத் தடுக்காது.

பக்கெட் என்றால் கிளாம்ப் பக்கெட்டிலேயே, வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், பெயின்ட் சுரண்டிய இரும்பில். முடிந்தால் பக்கெட்டைக் கழற்றித் தரையில் வைத்தே செய்யுங்கள். வண்டியோடு செய்ய வேண்டியிருந்தால் மாஸ்டர் ஆஃப், பேட்டரி நெகட்டிவ் முதலில் கழற்றுவது, பிறகு ஈ.சி.எம்., பம்ப் கன்ட்ரோலர், டிஸ்ப்ளே கப்ளர்களையும் கழற்றிவிடுவது. கன்ட்ரோலர்களின் எர்த் போல்ட்டில் ஒருபோதும் கிளாம்ப் மாட்டாதீர்கள். இப்போது போன இரண்டையும் மாற்றும் முன் லைனின் ஓம், எர்த்தில் வோல்டேஜ் இழப்பு இரண்டையும் அளந்துவிடுங்கள். வெல்டிங் கரண்ட்டில் எர்த் வயர் உள்ளே கருகியிருந்தால் புதுக் கன்ட்ரோலரும் அதே பாதையில் போகும். மாற்றும் கன்ட்ரோலரில் உங்கள் வண்டியின் மாடல், சீரியல் நம்பருக்கு உரிய சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டியிருக்கும். அது இல்லாமல் மாட்டினால் லைன் நன்றாக இருந்தும் தொடர்புக் கோட் வரும். வாங்கும்போதே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.